சுகிர்தம் டீச்சர் நட்ட முருங்கைப் போத்து

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த சுகிர்தம் டீச்சர் எழுந்திருக்கவில்லை என்று அவருடைய மகள் போனில் சொன்னாள். அன்று காலையில்தான் மேற்குக் காற்று ஆரம்பித்திருந்தது. அந்தக் காற்றுக்காக வருடம் முழுவதும் காத்திருக்கிறவர் அவர். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமைதான். சாவுகூட இவருக்குப் பருவம் பார்த்து வந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் நான் தமிழும் அவர் கணக்கும் சொல்லிக்கொடுத்தோம். ஓய்வுக்குப் பிறகு நம் சபையின் புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர் என்று வேதத்திலிருந்து செய்தி கொடுத்தோம். நான் விளக்கவுரைகளைப் புரட்டி, தலைப்புகள் பிரித்து, எதுகை மோனையோடு தயாராவேன். அவர் வாசல் கூட்டும்போது கண்ணில் பட்டதை எடுத்து வருவார். ஒரு வாரம் உதிர்ந்த வேப்பம்பூ, ஒரு வாரம் பாம்பு உரித்த சட்டை. என் முறையில் கடிகாரம் பார்ப்பவர்கள், அவர் முறையில் டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்துக்கு வரும் உங்களைத்தான் சொல்கிறேன்.

மதுக்கரையில் பிறந்தவர். மலைக் கணவாய் வழியாக வரும் அந்த மேற்குக் காற்று முதலில் அங்கேதான் நுழைகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "காத்து எங்கூருக்கு வந்துபோட்டுத்தானுங்க டீச்சர் உங்கூருக்கு வரோணும்" என்பார். மலையை உடைக்கிற சிமெண்ட் ஆலையின் தூசியையும் சேர்த்துத்தானே கொண்டுவருகிறது என்று நான் குத்துவேன். அந்தத் தூசியும் கடவுள் படைத்த மலைதானே என்று சிரிப்பார். கோபமே வராதவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அறுப்பின் பண்டிகையை ஒட்டிய அந்தப் புதன்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். முந்தைய வாரம்தான் நான் பருவங்களைப் பற்றி நெடுநேரம் பேசியிருந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. மறுவாரம் அவர் எழுந்து நின்றதும் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. "இன்னைக்குப் பேசறது நானில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மழை விடும்வரை எல்லாரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். மழைகூட அவர் முறைக்குத்தான் வந்தது. என் செய்தியிலிருந்து யாராவது ஒரு வரி சொல்லுங்கள், பார்ப்போம்.

பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் விளைச்சலை ஏலம் விடும்போது அவர் வீட்டு முருங்கைக்காய்க் கட்டுக்குத்தான் போட்டி அதிகம். அப்படி ஒரு மரம் எனக்கும் வேண்டுமென்று கேட்டேன். காற்றில் முறிந்த கிளையிலிருந்து ஒரு போத்து வெட்டிக் கொடுத்தார். அவர் மரத்தை மிஞ்ச வேண்டுமே என்று இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். அழுகிப்போனது. அடுத்த போத்தை, வேர் விட்டதா என்று அசைத்து அசைத்துப் பார்த்து, ஒருநாள் பிடுங்கியே பார்த்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று வேர் விட்டிருந்தது. திரும்ப நட்டும் அது பிழைக்கவில்லை.

இதைக் கேட்டு அவர் திட்டவில்லை. சென்ற மாதம் மூன்றாவது போத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அவரே குழி தோண்டி நட்டு, போத்தின் வெட்டிய தலை காயாமலிருக்கச் சாணி அப்பினார். கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மண்ணுக்குள்ள நடக்கறது நம்ம வேலை இல்லீங்க டீச்சர். நாம பாக்காதப்பத்தானுங்க அது வேர் உடும்."

அடக்கத்தன்று பெட்டியை இறக்கும்போது தூறல் விழுந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் வைத்தே, வருகிற புதன் அவர் முறை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். சரி என்றேன். அவர் இடத்தில் நின்று என்ன பேசுவது என்று இதுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போத்திடம் போனேன். துளிர் இல்லை. சாணி காய்ந்து வெடித்திருந்தது. அவர் கையால் நட்டது, அவர் பேச்சையாவது கேட்டு வேர் விட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் துடித்தேன். கை தானாகப் போய் அதைப் பிடித்துவிட்டது. சற்றுமுன் அவர்மேல் பிடி மண் போட்ட கை அது. விரலிடுக்கில் இன்னும் ஈரம் இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தப் போத்தும், தீராத பொறாமையும். புதன்கிழமை அவர் முறைக்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. போத்து இன்னும் துளிர்க்கவில்லை. நான் பிடுங்கிப் பார்க்கவில்லை.