பெருமாளுக்கு ஓர் ஓட்டு

போன வாரம் மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துப் பழைய சட்டசபைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறாராம். யார் நின்றார்கள், யார் வென்றார்கள், வித்தியாசம் எவ்வளவு, தொகுதி எப்போது கலைந்தது என்று கட்டம் போட்டு அனுப்பியிருந்தார். பத்திரிகையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பாதி நிரப்பியிருந்தேன். அடுக்களையில் மருமகள் டீக்கு ஏலக்காய் தட்டினாள். பேனா நின்றுவிட்டது.

ஒரு தேர்தலுக்கு மணம் உண்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பெண்களுக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலில் போடிநாயக்கனூரில் ஒரு வாக்குச்சாவடி ஏலக்காய்க் கிடங்கில் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை ஓடுகளைப் பிரித்துப் போட்டிருந்ததால் அந்த ஏற்பாடு. மூட்டைகளை ஒரு சுவரோரம் அடுக்கி நடுவே மேசை போட்டோம். காலை எட்டு மணிக்குள் எங்கள் சட்டை, வாக்காளர் பட்டியல், ஓட்டுச் சீட்டு எல்லாவற்றிலும் ஏலக்காய் ஏறிவிட்டது. மதுரையில் பெட்டிகளைத் திறந்து எண்ணியவர்கள், போடிப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தோம் என்று பிறகு சொன்னார்கள்.

அப்போது நான் பத்திரிகைக்காரனில்லை. தாலுகா ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகப் பட்டியல் பார்க்கும் வேலைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். அரசாங்கமே என் கையெழுத்தை நம்பி நடக்கிறது என்ற எண்ணம் எனக்கு இருந்தது. சாயங்காலத்துக்குள் அது போயிற்று.

இன்றைக்குப் போல எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. நிலத்துக்கு வரி கட்டுகிறவர், அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டுகிறவர், அவருக்குத்தான். எழுதப் படிக்கத் தெரிந்தவர் சீட்டில் தானே பெருக்கல் குறி போடுவார். தெரியாதவர் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போய், தேர்தல் அதிகாரியின் காதில் வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். அதிகாரி குறி போட்டு மடித்துக் கொடுப்பார். படுதாவுக்கு இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் என் நாற்காலி. எல்லாம் காதில் விழும். வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். தொகுதியே இல்லாமல் போன பிறகு சத்தியம் மட்டும் நிற்குமா என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும்.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெங்கடாசலம், மலைச்சரிவில் பெரிய ஏலத்தோட்டக்காரர். மற்றவர் பெருமாள், பெரியகுளத்து வக்கீல். தோட்டத்து நாற்றங்காலுக்காக வெங்கடாசலம் மலையிலிருந்து இறங்கும் ஓடையைக் கரை போட்டுத் திருப்பியிருந்தார். கீழே ராசிங்காபுரத்து வயல்களுக்கு வரும் தண்ணீர் பாதியாகிவிட்டது. அதைச் சட்டசபையில் கேட்பேன் என்று வக்கீல் ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்.

காலையில் வந்தவர்களைப் பற்றியே தனியாக எழுதலாம். "நீங்களே பாத்துப் போடுங்க சாமி, நீங்க அறியாததா" என்றார் ஒருவர். போடிமெட்டிலிருந்து கோவேறு கழுதைப் பாதையில் இறங்கி வந்த கங்காணி ஒருவர், "ரெண்டு பேரும் நமக்கு வேண்டப்பட்டவுக. ஆளுக்கு அரை ஓட்டாப் போட்டு விடுங்க. மதி" என்றார். போதும் என்பதற்கு மதி என்று, மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளம் அவர் நாக்கில் ஒட்டியிருந்தது. அதிகாரி கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். நெற்றியில் நாமம், விதிப்புத்தகத்தில் ஒரு விரல். "அரை ஓட்டுக்கு விதி இல்லை" என்று அவர் சிரிக்காமல் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் பேச்சியம்மாள் வந்தார். ராசிங்காபுரத்திலிருந்து எங்கள் சாவடிக்கு எழுதப்பட்டிருந்த ஒரே பெண். ஐம்பது வயதிருக்கும். நிலம் அவருடைய அப்பா எழுதிவைத்தது, பட்டா அவர் பெயரில். அதனால் ஓட்டு அவருக்கு. கூடவே நடந்துவந்த கணவருக்குக் கிடையாது. கணவர் வெளியே புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உள்ள வரலயா?" என்று வெங்கடாசலத்தின் ஏஜெண்ட் வாசலிலிருந்து கிண்டினான்.

"எஞ் சோலி தொணைக்கு வர்றதோட சரி, மாப்ளே. ஓட்டெல்லாம் வீட்டுல பெரிய மனுசிக்குத்தேன்" என்றார் அவர். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் பட்டியலில் விரலை வைத்து, "புருஷன் பேரு என்னம்மா?" என்றேன். அது வழக்கமான கேள்வி.

பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுல எழுதியிருக்குமே, படிங்க."

படித்தேன். "பெருமாளா?"

தலையை மட்டும் ஆட்டினார். வக்கீலும் பெருமாள், புளியமரத்தடிக்காரரும் பெருமாள். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயரில் கடவுளே இருந்தாலும் அவருக்கும் வேறு பெயர்தான் வைப்பார்கள்.

படுதாவுக்குப் பின்னால் அதிகாரி கேட்டார். "யாருக்கம்மா ஓட்டு? பேரைச் சொல்லுங்கோ."

"சாமி பேருங்க."

"எந்தச் சாமி?"

"சனிக்கெழமைக்குச் சனிக்கெழம வெரதம் இருப்போம்ல. நாமம் போட்ட சாமி. ஏழு மலைக்கு மேல நிக்கிறாரே, அவரு."

அதிகாரியின் குரல் முதல்முறையாக இளகியது. "வேங்கடாசலபதியா? இதுக்கு இவ்வளவு சுத்துவானேன்?"

"ஆமாங்க, அவருதேன்."

பென்சில் கீறும் ஓசை கேட்டது. ராசிங்காபுரத்துத் தண்ணீருக்காக நாலு மைல் நடந்துவந்த ஓட்டு, ஓடையை மறித்தவருக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். ஒரு இருமல் இருமியிருந்தால் போதும். சத்தியம் ஞாபகம் வந்தது, தற்காலிக வேலை அதைவிட நன்றாக ஞாபகம் வந்தது. பட்டியலில் அழகாக ஒரு கோடு கிழித்தேன்.

"குடுங்க, பாப்போம்" என்றது பேச்சியம்மாளின் குரல்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே?"

"பாக்கத் தெரியும்ல." சீட்டைப் பிரிக்கும் சரசரப்பு. பிறகு, "நீங்க குறி போட்டது நாஞ் சொன்ன பேருக்கு இல்லீங்களே" என்றார்.

"எப்படிச் சொல்றேள்?"

"பட்டாவுல எம் பேருக்குக் கீழ அவுக பேரு இருக்கும். சின்னப் பேரு. இது என்னா, வாய்க்கா கணக்கா நீளமாக் கெடக்கு?"

அதிகாரிக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. நேர்மையான மனிதர். கெட்டுப்போன சீட்டு என்று எழுதி அதை உறையில் போட்டார். புதுச் சீட்டு எடுத்தார். ஆனால் பிடிவாதக்காரர்.

"ஒருதரம் நான் ஊகிச்சுத் தப்பாப் போச்சு. இனிமே ஊகிக்க மாட்டேன். பேரை நீங்களே உங்க வாயால சொல்லணும்."

"பெரியகொளத்து வக்கீலய்யா. போதாதா?"

"பெரியகுளத்திலே வக்கீல் எத்தனையோ பேர். பேரைச் சொல்லுங்கோ, இல்லேன்னா ஓட்டு இல்லே."

படுதாவின் கீழ்விளிம்பில் பேச்சியம்மாளின் கால்கள் மட்டும் தெரிந்தன. வாசல் பக்கம் திரும்பின. இரண்டடி நகர்ந்தன. நின்றன. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். "தண்ணி வேணும்ல" என்று அவர் சொன்னது எங்களுக்கல்ல. கால்கள் மூட்டை அடுக்கிய சுவரைப் பார்த்துத் திரும்பின.

"பெருமாளு!"

காதில் சொல்ல வேண்டியதை வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுவது போலச் சொன்னார். ஏன் அவ்வளவு சத்தம் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஒருநாளும் சொல்லாத பெயருக்கு எவ்வளவு குரல் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"இந்தா வர்றேன்!" என்று புளியமரத்தடியிலிருந்து பதில் வந்தது.

துண்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார். போலீஸ்காரர் வாசலில் மறித்தார். "ஓட்டு இல்லாதவரு உள்ள வரப்படாது."

"என்னயக் கூப்ட்டாகய்யா."

"யாரு?"

"எம் பொண்டாட்டி." சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார்.

வெங்கடாசலத்தின் ஏஜெண்ட் துள்ளி எழுந்தான். தெருவே கேட்ட பிறகு ரகசிய ஓட்டு எப்படியாகும், செல்லாது என்றான். அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கு. எவ்வளவு மெதுவா என்று இல்லே" என்று குறி போட்டார். அந்தக் கும்பகோணத்துக்காரர் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

வெளியே வந்த மனைவியிடம் கணவர் கேட்டது என் காதில் விழுந்தது. "என்னயவா கூப்ட்ட?"

"இல்ல, வக்கீல."

"எம் பேருல்ல அது?"

"ஒத்த ஓட்டுக்குத்தேன் அது. வெரசா வாங்க, மாடு கட்டுத்தறியில கெடக்கு."

முன்னால் பேச்சியம்மாள் நடக்க, பின்னால் கணவர் மரத்தடியில் கிடந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு போனார்.

வக்கீல் தோற்றார். ஒரு ஓட்டில் அல்ல, நிறைய ஓட்டில். ஓடையை மறித்த கரை அடுத்த மழையில் தானாகவே உடைந்தது. அதைப் பற்றிச் சட்டசபையில் யாரும் பேசவில்லை. சீட்டுகளைக் குறித்த காலம் வைத்திருந்து எரித்துவிட்டார்கள் என்று கேள்வி. தொகுதியைப் பிறகு வெட்டி, ஒட்டி, வேறு பெயர் வைத்து, அதையும் மாற்றினார்கள். கிடங்கு இருந்த இடத்தில் லாரி நிற்கிறது.

பல வருஷம் கழித்து ஒரு தேர்தலுக்குச் செய்தி சேகரிக்கப் போடிக்குப் போனேன். விதிகள் மாறியிருந்தன. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. அதிகாரியின் காது யாருக்கும் தேவைப்படவில்லை. புளியமரத்தடிக்காரரை அடையாளம் கண்டுகொண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது அவருக்கும் ஓட்டு இருந்தது. போட்டுவிட்டு வந்து, மரத்தடிக்குப் போகாமல் சாவடியின் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பேச்சியம்மாளின் முறை.

"இப்பல்லாம் பேரு சொல்லச் சொல்றது இல்லயாய்யா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை பெரியவரே. பெட்டிக்கு நிறம் இருக்கிறது. பேசாமல் போட்டுவிட்டு வரலாம்."

"நல்லதுதேன்" என்றார். அவர் மனைவி வெளியே வரும்வரை அந்த ஜன்னலைவிட்டு நகரவில்லை.