ஹனீபாவின் பதினொன்று

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சிங்கப்பூரின் ஜாலான் புசார் பகுதிக் கடைவீடு ஒன்றின் மாடியில் ஹனீபா காற்றைக் குத்திக்கொண்டிருப்பார். காதில் ஹெட்போன், இரு கைகளிலும் விளையாட்டுக் கருவி, மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. வலக்காதில் மணி ஒலித்தால் வலப்பக்கம் குத்த வேண்டும். இடக்காதில் ஒலித்தால் இடப்பக்கம். பார்வையற்றவர்கள் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வதற்கான வீடியோ விளையாட்டு அது. ஆடிப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை.

குறை சொல்வதில் அவருக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கண் அழுத்த நோயில் பார்வை போன பிறகும், செங்காங் வீட்டிலிருந்து அவர் வரும் டாக்சி குலுங்கி நின்றால் ஓட்டுநருக்கு ஒரு பாடம் உண்டு: "பிரேக்க மெதுவா மிதிங்க, அவசரமில்லலா." அவரிடம் பயின்றவர்கள் யாரும் 'சூப்பர்' என்று கேட்டதில்லை. மிக நன்றாக ஓட்டினால் "ம்" என்பார்.

விளையாட்டோ மூச்சுக்கு மூச்சு 'சூப்பர்' என்றது. அவருக்கு அதுதான் இடித்தது. ஒருநாள் கைகளைத் தொங்கவிட்டபடி ஆட்டம் முடியும்வரை சும்மா நின்றார். நாற்பது குத்துகளில் முப்பத்தேழு சரி என்று அறிவிப்பு வந்தது.

அதை வடிவமைத்த ரக்ஷனாவிடம் விசாரித்தார். பார்வையில்லாதவர்கள் தோற்றால் மனம் தளர்ந்துவிடுவார்களே என்று, தவறிய குத்துகளுக்கும் புள்ளி விழும்படி செய்ததாக அவள் ஒப்புக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணுதாம்மா தெரியாது. தோத்தா தெரியும்."

அடுத்த வாரம் நிதி வழங்கும் குழு பார்வையிட வருகிறது, அதுவரை இப்படியே இருக்கட்டும் என்று அவள் கெஞ்சினாள். அப்படியானால் அவர்கள் முன்னாலும் சும்மா நின்று முப்பத்தேழு வாங்கிக் காட்டுவதாக ஹனீபா பணிவாகச் சொன்னார். அன்றே அவள் அந்த இனாம் புள்ளிகளை நீக்கினாள்.

குழு வந்தது. ஹனீபா சட்டை நனைய ஆடினார். "பதினொன்று" என்று குழுவுக்காக வைத்த ஒலிபெருக்கி கூசாமல் சொன்னது. ரக்ஷனா கணினியை மூடப்போனாள்.

"இன்னொரு ரவுண்டு போடு" என்றார் அவர்.

இரண்டாம் ஆட்டம் பாதியில் இருந்தபோது, குழுவிலிருந்த ஓர் அம்மையார் இரக்கம் தாளாமல் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹெட்போனையும் மீறி வந்த சத்தத்தில் மணியொலி அமுங்கியது. ஹனீபா இடக்கையால் குத்திக்கொண்டே, வலது உள்ளங்கையை அந்தச் சத்தத்தை நோக்கி நீட்டி, சற்று நிறுத்துமாறு காட்டினார்.