சைக்கிள் கிளப் கேட்ட பஸ்

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே என் கையில் மண்ணெண்ணெய் வாடைதான். செயின் கழுவி, கிரீஸ் வைத்து, எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் மதியம் குழம்புச் சோற்றில் அது தெரியும். "அந்தக் கையோட சட்டியத் தொடாதீங்க" என்று மனைவி தள்ளி உட்காரச் சொல்லுவாள்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் ஒரு சைக்கிள் கிளப் நடத்திக்கொண்டிருந்த காலம். நான் தலைவர். ஜவுளிக்கடை பாஸ்கர் அண்ணன் செயலாளர். மற்றபடி ஒரு வாத்தியார், மெடிக்கல் ஷாப்காரர், இன்னும் சிலர். ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு, திரும்பும்போது டீ, டீயோடு மோட்டார் வண்டிக்காரர்களைத் திட்டுவது. பெட்ரோல் விலை ஏறினால் எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்...

பிளஸ் ஒன்னில் கொடுக்கும் இலவச சைக்கிள் பல வீடுகளில் சும்மா கிடக்கும். பிள்ளை காலேஜ் போனதும் அதன் மேல் கோழி தூங்கும். கருணாபுரம் வரைக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்டோம்.

"எடுத்துக்கினு போங்க சார், வூட்டு வாசலாவது காலியாவும்" என்று கொடுத்தார்கள். டயர் மாற்றி, பெயிண்ட் அடித்து, கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்று முடிவு.

கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர். எட்டாவதுக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போகவேண்டும். காலையில் நடந்து இறங்கிவிடலாம். சாயங்கால பஸ்தான் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே மேலே ஏறிப் போய்விடும். காட்டு வழியில் நடந்து வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். அதனால் ஒரு வருஷம் அனுப்பிப் பார்த்துவிட்டு, ஒன்பதாவதோடு பெண் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ரேவதி ஒன்பதாவது. அவள் அப்பா சின்னப்பையன் மரவள்ளி போடுகிறவர். முழுப் பரீட்சை முடிந்ததும் நிறுத்திவிடப் போவதாக ஊரில் சொல்லிவிட்டார்.

சைக்கிள்களைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நாங்கள் பின்னால் வேனில் போனோம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைவு வளைவாக மலை. வேனில் ரெண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இத்தனை பேர் இருக்கிற சைக்கிள் கிளப்பில் ஒருத்தருக்காவது அந்த ரோட்டில் ஒரு தடவை மிதித்துப் பார்ப்போம் என்று தோன்ற வேண்டுமே... ம்ஹூம். பேனர் கட்டினோம், லட்டு கொடுத்தோம், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனால், சைக்கிள் கேரியரில் மரவள்ளி மூட்டை. சின்னப்பையன் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். "மூட்டைக்கு நல்லா வசதிங்க" என்று மனசாரச் சிரித்தார்.

ரேவதியிடம் கேட்டேன். "இன்னா பாப்பா, நீ ஓட்டறது இல்லியா?"

"காலைல சூப்பரா இருக்குங்கண்ணா, மிதிக்கவே தேவல. சாயங்காலம் அத்த நாங்கதான் மேல ஏத்தியாரணும். நடந்து வர்றத விட லேட்டாவுது. பரீட்ச வரைக்கும்தான்னு அப்பா சொல்லிட்டாருங்கண்ணா."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"பஸ்ஸ கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கண்ணா. பெல் அடிக்கிற வரைக்கும்."

அடுத்த ஞாயிறு டீக்கடையில் வெடித்தது. டெப்போவில் போய் பஸ் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்போம் என்றேன். பாஸ்கர் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தலைவரே, நாம இன்னா கிளப்பு? சைக்கிள் கிளப்பு பஸ்ஸு கேட்டுக்கினு போய் நின்னா ஊரே சிரிப்பா சிரிக்கும்."

நன்கொடை திரட்டி கியர் சைக்கிள் வாங்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கிளப்பை அவர் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவர். ஆனால் பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. கியர் சைக்கிள் வந்து சேர்வதற்குள் ரேவதி மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பாள்.

பாதிப் பேர் கிளம்பினோம். கிளப் டி-ஷர்ட்டில், சைக்கிளிலேயே. நெஞ்சில் 'வண்டியை விடு, சைக்கிளைத் தொடு' என்று பெரிதாக எழுதியிருக்கும். டெப்போ அதிகாரி அதை நிதானமாகப் படித்தார்.

"உங்களுக்கு... பஸ்ஸு?"

மானம் போனதுதான். ஆனாலும் விடாமல் அலைந்தோம். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரும் வந்து பேசினார். கடைசியில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மேலே ஏறுகிற மாதிரி பஸ் நேரத்தை மாற்றினார்கள். ரேவதி பத்தாவது போனாள்.

பாஸ்கர் அண்ணன் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவரோடு இன்னொரு பாதியும் நின்றுவிட்டது. நாங்கள் கொஞ்ச நாள் நாலைந்து பேராகச் சுற்றினோம்... அப்புறம் அதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் "சாப்டீங்களா" என்று கேட்டுக்கொள்வோம். அதோடு சரி. கிளப் போனதை விட எனக்கு இதுதான் வருத்தம்.

இப்போது சனி, ஞாயிறானால் அருவி பார்க்க எங்கெங்கிருந்தோ கியர் சைக்கிளில் வருகிறார்கள். ஹெல்மெட், கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டு மலையை மிதித்தே ஏறுகிறார்கள். பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

போன மாதம் ரேவதி போன் செய்தாள். லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு மலையிலேயே ஆஸ்பத்திரியில் வேலை.

"அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்கூட்டி பாத்துக் குடுங்கண்ணா. பஸ்ஸ நம்பிக்கினு இருந்தா வேலைக்கு ஆவல."

ஒரு காலத்தில் என்னிடம் யாராவது ஸ்கூட்டி என்று வாயைத் திறந்தால் டீ ஆறிப்போகிற வரைக்கும் கிளாஸ் எடுப்பேன். அவள் மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு அவளோடு, பழைய வண்டி விற்கிற கன்சல்டிங் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு வண்டி அவளுக்குப் பிடித்துவிட்டது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து சொல்லுங்கண்ணா."

எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடைக்காரர் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே வண்டியை ஸ்டார்ட் செய்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள்.

"கெட்டியா புடிச்சிக்குங்கண்ணா."

பிடித்துக்கொண்டேன்.