இரண்டு நாள் ஆட்டம்

எங்கள் வீட்டில் கிரிக்கெட் சண்டை என்றால் எந்த டீம் பெரிது என்பதைப் பற்றியதல்ல, எது ஆட்டம் என்பதைப் பற்றியது. என் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் ஒரு கட்சி. மளமளவென்று அடித்து, பொழுது சாய்வதற்குள் யார் வென்றார்கள் என்று தெரிந்துவிட வேண்டும் அவர்களுக்கு. நான் ஒருத்திதான் எதிர்க்கட்சி. ஐந்து நாள் ஆட்டம்தான் ஆட்டம் என்பேன். "அஞ்சு நாளும் ஆடி கடைசியில யாருமே ஜெயிக்கலேன்னா அது என்னம்மா ஆட்டம்?" என்று மகன் கேட்பான். யாரும் ஜெயிக்காவிட்டால் உன் சொத்தா போகிறது என்று அவன் வாயை அடைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். சொல்வதற்கு நியாயங்கள் நிறைய இருக்கின்றன. முதல் நாள் சறுக்கியவனுக்கு மறுநாள் இன்னொரு தடவை உண்டு. மழைக்கும் பனிக்கும் இடம் உண்டு. முரடனுக்கு மட்டுமல்ல, பொறுமைக்காரனுக்கும் வேலை உண்டு. இதெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது. அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. தோட்டத்து டீமுக்கு அவன்தான் கேப்டன், வேகமாகப் பந்து போடுகிறவனும் அவன்தான். வருஷத்துக்கு ஒரு முறை, கொழுந்து குறைகிற மாசி மாதத்தில், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டீம் எங்களோடு ஆட வரும். அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவர்களை அரை நாளில் திருப்பி அனுப்ப முடியுமா? அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்டம். வெள்ளிக்கிழமை பொழுது மசங்குகிற நேரத்தில் வந்து இறங்குவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுப்பார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் நாங்கள் சமைத்துப் போடுவோம். ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் போனதும் ஸ்டம்பைப் பிடுங்கிவிடுவார்கள்.

முதல் வருஷம் அந்தச் சனிக்கிழமை, மைதானத்துக்கு நேர் மேலே இருந்த மலையில் எங்களுக்குக் கொழுந்து. குனிந்து எடுத்தால் தேயிலை, நிமிர்ந்தால் மைதானம். தென்னங்கயிற்றுப் பாயை விரித்து ஆணியடித்து, அதன் மேல்தான் ஆடுவார்கள். ஒல்லியாக ஒருவர் மட்டையோடு வந்தார். வந்த டீமுக்குக் காலில் கட்டுகிற பேட் பற்றாக்குறை போலிருக்கிறது, இடது காலில் மட்டும் கட்டியிருந்தார். அண்ணன் தேயிலை ஓரத்திலிருந்து ஓடி வந்து போட்ட முதல் பந்தை அவர் அப்படியே காலடியில் அமுக்கினார். இரண்டாவதையும் அமுக்கினார். அன்று காலை முழுக்க அதைத்தான் செய்தார். கீழே எங்கள் ஆட்கள் "கட்டை போடுறான், கட்டை போடுறான்" என்று கத்தினார்கள். அவருக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் மூடுபனி இறங்கி மைதானம் மறைந்துபோனது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். அரை மணி நேரம் கழித்துப் பனி விலகியபோது பார்க்கிறேன், எங்கள் ஆட்கள் அங்கங்கே குந்தி பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர் மட்டும் விட்ட இடத்திலேயே மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் நான் குனியவில்லை. கங்காணி கீழேயிருந்து சத்தம் போட்டார்: "அங்க என்னா படமா ஓடுது? கொழுந்தப் பாத்து எடு புள்ள!"

ஒரு கலியாணமாகாத பெண் ஒரு ஆம்பளையை இரண்டு விநாடி சேர்ந்தாற்போல் பார்த்தால் மூன்றாம் லயம் வரைக்கும் கதை போகிற காலம் அது. ஆனால் மைதானத்தில் நிற்கிறவனை இரண்டு நாள் கண் கொட்டாமல் பார்த்தாலும் கேட்பாரில்லை. எல்லாரும்தானே பார்க்கிறார்கள்! அந்தக் கண்டுபிடிப்புக்காகவே நான் கிரிக்கெட்டைக் கும்பிட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பந்தி. நான் ரசம் ஊற்றிக்கொண்டு போனேன். அவர் இலைக்கு முன்னால் நின்றபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க எப்பங்க அவுட் ஆவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கும் நான்தாங்க ஆடணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மலையில எல்லாரும் குனிஞ்சிருக்கிறப்ப ஒரு ஆளு மட்டும் நிமிர்ந்து நிக்கிறது கீழ இருந்து நல்லாத் தெரியுதுங்க" என்றார்.

ரசம் இலையைத் தாண்டி ஓடிவிட்டது. அடுத்த ஆளுக்கு ஊற்றாமலே போய்விட்டேன்.

மறுநாள் கடைசி நேரத்தில் எங்கள் டீமுக்கு ஒரே ஒரு விக்கெட் வேண்டியிருந்தது. அவர்தான் நின்றார். இருட்டுகிறவரை அண்ணன் முட்டி மோதிப் பார்த்தான். தோட்டமே அண்ணனுக்காகக் கத்துகிறது. கேப்டனின் கூடப்பிறந்த தங்கை நான், மைதானத்தோரத்து மண்திட்டு வங்கியடியில் உட்கார்ந்து அவர் அவுட்டாகக் கூடாதென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன். ஸ்டம்பைப் பிடுங்கினார்கள். யாருக்கும் வெற்றியில்லை. வீட்டுக்கு வந்த அண்ணன் வலிக்கிற தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பொரிந்து தள்ளினான். "மனுசனா அவன்? அடிக்கவும் மாட்டேங்கிறான், அவுட்டாகவும் மாட்டேங்கிறான்!" தைலம் தேய்த்துவிட்டவள் நான்தான்.

அடுத்த மாசி வரைக்கும் ஒரு வருஷம். அந்த வருஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டாவது வருஷமும் வந்தார், இரண்டு நாளும் ஆடினார், அதே கட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில், மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். முகம் கழுவ வந்தவர் தண்ணீரைக் கையில் ஏந்தியபடியே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அடுத்த வருசம் அம்மாவையும் மேட்சுக்குக் கூட்டியாறேங்க. எங்க சித்தப்பா வழியில சொந்தம் உங்க கீழ் லயத்துல இருக்கு. சனிக்கெழம ராத்திரி அங்க தங்கிட்டு, ஞாயித்துக்கெழம காலையில அம்மா உங்க வீட்டுக்கு வந்து பேசுவாங்க. வரலாங்களா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அதனால் இன்னொரு தடவை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஏந்திய தண்ணீர் முழுக்க ஒழுகிப்போன வெறுங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டான். டவுன் பக்கமெல்லாம் இப்போது ஓவர் கணக்கு வைத்து ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள், நாமும் ஆளுக்கு முப்பது ஓவர் என்று வைத்துக்கொள்வோம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. வாரம் முழுக்க மலையிலும் ஃபெக்டரியிலும் முதுகொடிகிற சனத்துக்குக் கிடைக்கிறது ஒரு ஞாயிறு. முடிவே தெரியாத ஆட்டத்துக்கு இரண்டு நாளைக் கொடுக்க யாருக்கு வசதி? துரைமார் கிளப்பில் ஆடுகிற ஆட்டத்தை நாமும் ஆட வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். ஆனால் அண்ணனுக்கு இருந்த உண்மையான நியாயம் அந்த ஒல்லி மனிதர்தான். முப்பது ஓவரில் கட்டை போட்டுக்கொண்டு நிற்க முடியாதல்லவா!

கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பினான். "சமைக்கிறவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். ஈர விறகை ஊதி ஊதிக் கண் பழுத்துப்போகும். அம்மா வேண்டாம் என்றாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமி, இரண்டு நாள் சமைத்துப் போட்டு இடுப்பு விட்டுப்போகிறது என்றாள். வரிசையாக எல்லாரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் என் முறை.

"என்னா புள்ள, உனக்கும் கஷ்டந்தானே?" என்றான் அண்ணன்.

கஷ்டமில்லை, இரண்டு நாளே இருக்கட்டும் என்று ஒரு குமரி மட்டும் சொன்னால் எத்தனை தலை திரும்பும்! "ஆமா" என்றேன். எப்படியும் வருவார், பஸ்ஸிலாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அண்ணன் அந்த டீமுக்குக் கடிதம் எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினான். 'எங்கள் பெண்கள் எல்லோரும் இரண்டு நாள் ஆட்டம் வேண்டாமென்று சொல்கிறார்கள்' என்று ஒரு வரி அதில் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய் அண்ணே என்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் நாட்டு டீமுக்கு ஐந்து நாள் ஆட்டம் ஆடும் தகுதி கிடைத்தபோது, இதே அண்ணன்தான் லயத்து வாசலில் வெடி கொளுத்தினான். அதற்குள் எனக்குக் கலியாணமாகி மடியில் ஒரு பிள்ளை. வீட்டுக்காரர் குறையொன்றும் சொல்ல முடியாத மனிதர், இதை எழுதும்போதும் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்த ஆட்கள், நாள் கணக்கில் நின்று ஆடுகிறவன்தான் ஆட்டக்காரன் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணனும் தலையாட்டினான். எனக்கு அவன் மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த மூன்றாவது வருஷம் நல்லதண்ணிக்காரர்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லொறியில் வந்து இறங்கினார்கள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். குதித்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். அவரும் இருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. பத்தரை பஸ்ஸைப் பார்த்தேன், பன்னிரண்டு மணி பஸ்ஸையும் பார்த்தேன்.

பகல் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மைதானத்தில் கூச்சல் கேட்டது. கஞ்சிப் பானையைச் சாய்த்துவிட்டு ஓடி வருவதற்குள் அவர் வெளியே நடந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு வருஷமாகப் பந்தைத் தரையைவிட்டு எழுப்பாத மனிதர், இரண்டாவது ஓவரிலேயே தூக்கி அடிக்கப் பார்த்து ஸ்டம்பைப் பறிகொடுத்துவிட்டாராம். எங்கள் ஆட்கள் அண்ணனைத் தோளில் தூக்கிவைத்துக் குதித்தார்கள். நான் பார்க்க வேண்டிய ஆட்டம் அவ்வளவுதான். வருஷம் முழுக்கக் காத்திருந்ததற்குச் சோறு வடிகிற நேரம்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் டீம் ஜெயித்தது. இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்ட வேண்டுமென்று லொறி டிரைவர் அவசரப்படுத்தினார். நின்றபடியே எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தோம். அவருக்கு நான்தான் கொண்டுபோனேன்.

"அம்மா வரலீங்களா?"

"ஒருநாள் ஆட்டத்துக்குப் பொம்பளையாள லொறியில ஏத்த முடியாதுன்னுட்டாங்க. பஸ்ஸுல வந்தா ராத்திரி தங்கணும். டீமு தங்கப்போறதில்லயே, நானும் இவங்களோட திரும்பணும்." ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க அண்ணன் கடிதாசிய எங்க கேப்டன் எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டினாருங்க. பொம்பளைங்க எல்லாருமே வேணாம்னு சொன்னதா இருந்துச்சு. எல்லாருமேன்னா… நீங்களுமுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடிதத்தை அவர் என் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் அம்மா வர வேண்டாமென்று நான் சொல்லியனுப்பியதாக நினைத்திருக்கிறார். அண்ணன் இரண்டு முழம் தள்ளி நின்று ஸ்டம்புகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா வாளியோடு பின்னாலேயே வந்தாள். நான் தட்டிலிருந்த கிளாஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் போகவுமில்லை. நிற்கிறதுதான் அவருக்குத் தெரியுமே. லொறிக்காரன் ஹார்ன் அடித்தான். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். இன்னொரு தடவை அடித்தான். மூன்றாவது ஹார்னுக்கு அவர் கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு, "வர்றேங்க" என்று சொல்லிப் போய் ஏறிக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் வந்த டீமில் அவர் இல்லை. முப்பது ஓவர் ஆட்டத்துக்குக் கட்டை போடுகிறவன் எதற்கு என்று அவர்களே நிறுத்திவிட்டார்களாம்.

இல்லைங்க, நான் மனசறிஞ்சு சொல்லலைங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லுமளவு தைரியம் வர எனக்கு ஒரே ஒரு ராத்திரி போதும். பழைய ஆட்டமாக இருந்திருந்தால் அவர் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படுத்திருப்பார். விடிந்ததும் போய்ச் சொல்லியிருப்பேன்.