லாரிக்குத் தூக்கிய தண்ணீர்

விடிந்ததும் லாரிக்குத் தண்ணீர் தூக்குவது கொளஞ்சியம்மாளின் வேலை. கிளீனர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன நாளிலிருந்து அது அவள் தலையில் விழுந்தது. சித்திரையில் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கும். கயிறு முழுக்க இறக்கி இறைத்து, வாசலில் நிற்கும் லாரியின் பம்பரில் ஏறி நின்று ரேடியேட்டரில் ஊற்றுவாள்.

லாரி அவளுடையதல்ல, அரியலூர் ராசாங்கத்துடையது. சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற பழைய வண்டி. அவள் புருஷன் தர்மன் அதை ஓட்டினான். முன்பெல்லாம் காலையில் ஒரு செம்பு ஊற்றினால் போதும், பொழுதுக்கும் தாங்கும்.

பெரம்பலூர் மதார் பட்டறையில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் கசிவு அடைக்கிற கேஸ்கட் தகட்டை மாற்றிக்கொண்டு வந்தபின்தான் சனியன் பிடித்தது. செம்பு குடமாயிற்று. அப்புறம் குடம் பத்தாமல், வழிக்கென்று இரண்டு தகர டின் வேறு.

"கல்யாண வூட்டுக்குக்கூட இம்புட்டுத் தண்ணி தூக்குனதில்ல. எங்கதாங்க போவுது? நீங்களா குடிக்கிறீங்க?"

தர்மன் பார்க்காத இடமில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. ரப்பர் குழாய்களைத் தடவினான், காய்ந்திருந்தன. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும், அப்படியும் இல்லை. தண்ணீர் எஞ்சினுக்குள் போய் எரிந்தால் புகை வெளுக்கும், அதுவும் எப்போதும் போலத்தான் வந்தது.

அந்த வாரமே சுரங்கத்து மேட்டில், முழு லோடோடு, லாரி கொதித்து நின்றுவிட்டது. ராசாங்கம் ரயில்வே கேட் டீக்கடையில், இருந்த டிரைவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "தண்ணி ஊத்தாம ஓட்டிருக்கான். இப்பத்தான் பட்டறையில வேலை பாத்து வந்த எஞ்சினைத் தீய்க்கப் பாத்தான். வேற ஆளு பாத்தாச்சு, சாவிய வாங்கிடப் போறேன்."

குடிக்கிறவனுக்குக்கூட அந்தப் பக்கம் லாரி கொடுப்பார்கள். எஞ்சினைத் தீய்த்தவன் என்று பேர் எடுத்தவனை எந்த முதலாளியும் ஏறவிட மாட்டான். தர்மன் ஐந்து வருசம் கிளீனராகக் கிடந்து, டிரைவர் திட்டையும் அடியையும் வாங்கி, லைசென்ஸ் எடுத்தவன். மீன்சுருட்டியில் கொளஞ்சியின் அப்பன் காலம் முழுக்க அடுத்தவன் வயலுக்கு ஏற்றம் இறைத்தார். கஞ்சிக்கு மட்டும் கூப்பிடுவார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'டிரைவர் தர்மன்' என்று ஊர் சொல்வதைக் கேட்கத்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து களையெடுத்தும் கல்லுடைத்தும் வயிற்றைக் கட்டினாள்.

"ஊத்தலையாமா? ஊத்துனவ நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டானா அந்த மனுசன்?" என்று வாசலில் நின்று கத்தினாள். தெருவே கேட்டது.

தர்மன் கத்தவில்லை. டிரைவர்கள் வழக்கப்படி மஞ்சள்தூள் கேட்டான். எங்காவது ஊசித்துளை இருந்தால் ரேடியேட்டரில் போடும் மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும்.

"கொழம்புக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுறேன். லாரிக்கு மஞ்சத் தண்ணி ஊத்தி சடங்கு சுத்தப் போறீங்களாக்கும்" என்று டப்பாவைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

அடைபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது. தர்மன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். குடத்தோடு வந்தவள் பக்கவாட்டில் திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன மஞ்சக் கோடு?"

புகை போகும் குழாய்க்குக் கீழே, ஹெட்டும் எஞ்சினும் சேருமிடத்தில் தொடங்கி, இரும்பில் ஒரு மஞ்சள் கோடு இறங்கி, பாதியிலேயே காய்ந்து நின்றிருந்தது. தர்மன் எழுந்து வந்து விரலால் தேய்த்தான். எஞ்சின் சூடேறும்போது மூட்டு வழியாகத் தண்ணீர் கசிகிறது. சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. பிறகு தரை எப்படி நனையும்? வெறுந்தண்ணீர் தடயம் வைக்கவில்லை, மஞ்சள் வைத்துவிட்டது.

"கேஸ்கட் சரியா அமுங்கல" என்றான். பிறகு மெதுவாக, "மதார் அண்ணன் அப்பவே சொன்னாரு. நாலு லோடு அடிச்சிட்டுக் கொண்டாங்க, ஹெட் போல்ட்டை மறுபடி முடுக்கணும்னு. மொதலாளிதான், லோடு நிக்குது, அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

கொளஞ்சி குடத்தை இறக்கி வைத்தாள். "இத்தனை நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அவருகிட்ட போயி, உங்களாலதான்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க சொல்ல வேணாம். லாரிய எடுங்க."

ராசாங்கத்தின் வீட்டில் அதுவரை அவள் நிலைப்படி தாண்டியதில்லை. அன்று தாண்டினாள். முன்னறையில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினைத் துடைத்த துண்டை, மஞ்சள் கறையும் கரியுமாக, அவர் எதிரே விரித்தாள்.

"என்னம்மா இது, சமையக்கட்டுத் துணியெல்லாம் கொண்டாந்து காட்டுற?"

"உங்க லாரித் தண்ணிதாங்க. எங்க போவுதுன்னு தெரியாம நாங்க முழிச்ச தண்ணி. ஹெட் மூட்டுல கசியுது. வாசல்லதான் நிக்குது, வந்து பாருங்க."

"தர்மா, நீ பேச மாட்டியா? பொம்பளைய வுட்டுப் பேசச் சொல்றியா?"

தர்மன் வாசற்படியில் நின்றான். "மதார் அண்ணன் போல்ட்டு முடுக்க வரச் சொன்னாருங்க. நீங்ககூட பக்கத்துலதான் நின்னீங்க."

ராசாங்கம் ரேடியோவை அணைத்தார். துண்டைப் பார்த்தார், வெளியே லாரியைப் பார்த்தார். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"சரி சரி. காலையில பெரம்பலூர் ஓட்டிட்டுப் போ. மதாரைப் பாத்து, என்ன பண்ணணுமோ பண்ணச் சொல்லு. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

தர்மன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். கொளஞ்சி அசையவில்லை.

"இன்னும் என்னம்மா? அதான் சொல்லிட்டேனே."

"சாவியச் சொன்னீங்க. நாலு பேரு முன்னாடி, தண்ணி ஊத்தாதவன்னு எம் புருஷனைச் சொன்னீங்களே? கெணத்தடியில எங்கிட்டயே கேக்குறாளுவ, ஏண்டி நீ தூக்குன தண்ணி எங்கடின்னு. அதே டீக்கடையில, அதே ஆளுங்க இருக்கையில, தப்பு எம்மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

உள்ளே சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ராசாங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சொல்லுவீங்களா, மொதலாளி?"

அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.