முதுகில்லாத கோட்டு

யாரும் சிரிக்கமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

நாளை மறுநாள் நான் காஷ்மீருக்கு ரயில் ஏற வேண்டும். பத்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு எங்கள் பள்ளி ஆசிரியர்களில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சறுக்குக் கட்டைகளை முகாமிலேயே கொடுத்துவிடுவார்களாம். கம்பளிக் கோட்டு இல்லாமல் வருபவரை மட்டும் சேர்க்கமாட்டார்களாம்.

இன்று காலை கிருஷ்ணகிரி கடைவீதியில் தையல்காரரிடம் போனேன்.

"தைக்க இருபது நாள் ஆவும் வாத்தியாரே. பத்து நாள் போடறதுக்கு எதுக்குத் தைக்கறீங்க? போட்டோ ஸ்டூடியோவுல வாடகைக்குக் கேளுங்க."

ஸ்டூடியோக்காரர் ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார். கண்ணாடியில் கலெக்டர் மாதிரி இருந்தேன். ஆனால் வாசல் காற்று நேராக முதுகில் அடித்தது. தடவிப் பார்த்தால், கழுத்திலிருந்து கீழ்வரை பிளந்து நாடா வைத்திருக்கிறார்கள்.

"குண்டு ஆளுக்கும் ஒல்லி ஆளுக்கும் ஒரே கோட்டுதானுங்க. படத்துல முன்பக்கம்தானே தெரியும்?"

"நான் பனியில போடணுமுங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ யாருக்கும் முதுகக் காட்டாம சறுக்குங்க."

இந்த ஊரில் வேறு கோட்டு இல்லை. பயணம் அவ்வளவுதான் என்று கழற்றப்போனேன். அதற்குள் அவர் பின்னால் சுருட்டியிருந்த திரையை இறக்கினார். வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலை.

நின்று படம் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கைக்கு வரும். நான் காஷ்மீர் போய்வந்தேன் என்று நம்பத் தயாராக இருப்பவர்கள் ஆளுக்கொரு பிரதி கேளுங்கள்.