ஓடாத மெசினுக்கு ஏன் பெற்றோல்

மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட ஒரு கோடையில்தான் அப்பா ஜெனரேற்றர் வாங்கினார். பவிசு காட்டுவதற்கில்லை. அம்மாவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். மருந்தை ஆவியாக்கி மூக்குக்குக் கொடுக்கிற நெபுலைசர் ஒன்று வீட்டில் இருந்தது. அது கறண்டில் ஓடும். கறண்ட் நின்றால் அம்மாவின் மூச்சும் தடுமாறும்.

வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி ஃபிளாட் எங்களுடையது. பின் பல்கனியில், துணிக் கொடிக்குக் கீழே அதை வைத்தோம். கடற்காற்றில் இரும்பு தங்காது என்று அப்பா எண்ணெய்த் துணியால் ஓயாமல் துடைப்பார். என் தலையை அவர் ஒருநாளும் அப்படித் துவட்டிவிட்டதில்லை. ஞாயிறுதோறும் கோயிலால் வந்ததும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பெற்றோல் குழாயைப் பூட்டுவார். உள்ளே மிச்சம் கிடப்பது எரிந்து தீர்ந்து, மெசின் தானாக நிற்கவேண்டும்.

"பெற்றோல் பழசானா பிசின் மாதிரி உள்ள ஒட்டிக்கொள்ளும். பிறகு கயித்த இழுத்து இழுத்து இடுப்பு முறியவேண்டியதுதான்" என்பார்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. வழக்கம்போல எங்கள் பக்கம் சுற்றிவளைப்பு. கீழ்மாடிக்காரர் தன் மோட்டார் சைக்கிளுக்காக ஒரு கான் பெற்றோல் வைத்திருந்தார். அதைக் கண்டதும் ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் மனைவி கிழமைக்கணக்கில் பொலிஸ் ஸ்டேஷன் படி ஏறி இறங்கினா.

அன்று அப்பா எங்கள் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினார். வடிகாலுக்குள் ஊற்றினால் தெரு முழுக்க மணக்கும். கக்கூசுக்குள் ஊற்றினால் மாடி முழுக்க மணக்கும். தமிழன் வீட்டில் பெற்றோல் மணந்தால் சும்மா விடுவார்களா? கடைசியில் மெசினின் தாங்கிக்குள்ளேயே விளிம்புவரை ஊற்றினார். கானை வெட்டி, சோப் போட்டுக் கழுவி, அதில் அம்மாவின் இருமலுக்கென்று கற்பூரவள்ளி நட்டார். மெசினுக்குள் கிடக்கிற பெற்றோலுக்கு ஒரு நியாயம் சொல்லலாம் என்பது அவர் கணக்கு.

சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தையும் நிறுத்தினார். பழைய விரிப்பால் மெசினை மூடிக் கட்டினோம். மழை பெய்தது, கறண்டும் ஒழுங்காக வந்தது, நாங்களும் மறந்துபோனோம்.

அடுத்த கோடையில் ஒரு காலை மின்வெட்டும் செக்கிங்கும் ஒன்றாக வந்தன. அதிகாரி விரிப்பை விலக்கிப் பார்த்தார். மனைவிக்கு மூச்சு வருத்தம் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். நல்ல மனுசன் மாதிரித்தான் தெரிந்தார்.

"அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, பார்ப்பம்" என்றார் சிங்களத்தில்.

அப்பா சந்தோசமாகக் கயிற்றை இழுத்தார். பேச்சில்லை. மறுபடி இழுத்தார். அவருடைய சேட் முதுகோடு ஒட்டிவிட்டது. உள்ளே கதிரையில் அம்மாவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. அதிகாரி தாங்கியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஓடாத மெசினுக்கு ஏன் மஹத்தயா இவ்வளவு பெற்றோல்?" மரியாதையாகத்தான் கேட்டார்.

உங்களுக்குப் பயந்துதான் என்பதே உண்மையான பதில். அதை யார் சொல்வது? அப்பாவையும் கொண்டுபோனார்கள், மெசினையும் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் கறண்ட் வந்து, இருட்டும் நேரம் மறுபடி போனது. நான் ஸ்டேஷனுக்கு வெளிக்கிட, அம்மா வீட்டில் இருக்க மாட்டேன் என்றா.

"நானும் வாறன். என்ர மூச்சுக்கு வாங்கின சாமான். நான்தானே சொல்லவேணும்."

நெபுலைசரையும் அத்தாட்சியாகப் பையில் போட்டுக்கொண்டா. ஆட்டோவில் போனோம். தெரு முழுக்க இருட்டு. ஸ்டேஷனில் மட்டும் வெளிச்சம். பின்பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, அது எங்கட மெசின்."

மேசையில் இருந்த பொலிஸ்காரரிடம் கேட்டேன். பெற்றோல் பழுதாம். அதை வெளியே ஊற்றிவிட்டு, உள்ளே கழுவி, புதுசு விட்டதும் ஓடுகிறதாம். பெருமையாகவே சொன்னார்.

"அப்ப அப்பாவை விடலாம்தானே?"

"சேர் வரட்டும்." காலையில் வந்த அதிகாரியைத்தான் சொன்னார்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தது. பக்கத்துச் சுவரில் பிளக் இருந்தது. ஒரு அஞ்சு நிமிசம் இதைக் குத்தவா என்று நெபுலைசரைக் காட்டிக் கேட்டேன்.

"சேர் வரட்டும்" என்றார் மறுபடி.

சேர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், என் மடியில், அம்மா போய்விட்டா.

செத்தவீட்டுக்கு அப்பாவை விட்டார்கள். எல்லாம் முடிந்து சனம் கலைந்தபிறகு, ஸ்டேஷனில் மெசின் ஓடியதைச் சொன்னேன். பல்கனியில் அது இருந்த இடத்தைப் பார்த்தபடி அப்பா கேட்டார்.

"அம்மா கேட்டவவே, அது ஓடின சத்தத்தை?"

"ஓம்."

"நல்லா ஓடினதோ?"

"நல்லா ஓடினது அப்பா."